யாருடைய நாய் என்று கேட்காத சட்டம்

இங்கிலாந்தின் பீக் மாவட்ட மேட்டு நிலங்களில் நடக்கச் செல்பவர்கள், திறந்தவெளிக்குள் நுழையும் மரப்படலின் அருகே சிறிய அறிவிப்புப் பலகையைப் பார்ப்பது வழக்கம். மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாய்களைக் குறுங்கயிற்றில் பிடித்தே அழைத்துச் செல்ல வேண்டும் என்பதே அதன் செய்தி. கயிற்றின் நீளத்தையும் சட்டம் வரையறுத்திருக்கிறது: 2 மீட்டருக்கு மேற்படக் கூடாது. நாயின் உரிமையாளர் யார், எந்தக் குடும்பம், எந்தத் தெருவில் குடியிருப்பவர் என்பது குறித்து அந்தப் பலகையில் ஒரு சொல்லும் இராது.

அந்த இல்லாத சொல்லைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறோம். வெட்டவெளியில் நாயோடு நடப்பதற்கான விதிகளை விளக்குவது இக்கட்டுரையின் முதல் வேலை. பிரிட்டனில் செவிலியராகவும் முதியோர் பராமரிப்பாளராகவும் கணினித் துறையிலும் பணிபுரியும் வாசகர்களுக்கு அது நேரடியாகவே பயன்படும். ஆனால், நாய் பற்றிய விதி எந்த நாட்டிலும் நாயைப் பற்றியதாக மட்டும் இருந்ததில்லை. நிலம் யாருடையது, அதில் யார் கால் வைக்கலாம், விலங்கு செய்த சேதத்துக்கு யார் பொறுப்பு, அது கழித்த மலத்தை யார் அள்ளுவது என்னும் கேள்விகள் அந்தக் கயிற்றிலேயே முடிச்சிட்டுக் கிடக்கின்றன. சாதியின் கீழ் வாழும் நமக்கு இவை புதிய கேள்விகள் அல்ல.

முதலில் நிலத்தின் வகையைப் பார்ப்போம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாட்டுப்புறத்தில் நடப்பவருக்கு இருவகை உரிமைகள் உண்டு. ஒன்று, பொது வழியுரிமை. தனியார் வயலின் நடுவே சென்றாலும், மக்கள் நெடுங்காலமாக நடந்துவந்த பாதை பொதுப்பாதையே. நில உரிமையாளர் தம் விருப்பத்துக்கு அதை அடைக்க முடியாது. இத்தகைய பாதைகளின் மொத்த நீளம் சுமார் 2,25,000 கிலோமீட்டர். மற்றொன்று, 2000ஆம் ஆண்டின் நாட்டுப்புறம் மற்றும் வழியுரிமைகள் சட்டம் வழங்கிய உரிமை. மலை, மேட்டுப் புதர்வெளி, பதிவுபெற்ற பொதுமேய்ச்சல் நிலம் ஆகியவற்றில் பாதையை விட்டு விலகியும் விரும்பிய திசையில் நடக்கலாம்.

இவ்விரண்டிலும் நாய்க்கான விதி ஒன்றல்ல. பொதுப்பாதையில் கயிறு கட்டாயம் என்று பொதுவான சட்டம் எதுவும் சொல்லவில்லை. நாய் கண்பார்வைக்குள், அழைத்தால் உடனே திரும்பும் தொலைவில், பாதையிலேயே இருக்க வேண்டும். வயலுக்குள் ஓடித் திரியும் உரிமையைப் பொதுப்பாதை தருவதில்லை. திறந்தவெளியில் விதி கடுமையானது. மேற்சொன்ன ஐந்து மாதங்களில் குறுங்கயிறு கட்டாயம். கால்நடைகளின் அருகே செல்லும்போது ஆண்டு முழுவதும் கட்டாயம். இவை தவிர, நிலவுடைமையாளருக்கு மேலும் இரு அதிகாரங்கள் உள்ளன. செம்மறிகள் குட்டி ஈனும் காலத்தில், 15 ஹெக்டேருக்கு மேற்படாத வேலியிட்ட நிலத்தில் ஆண்டுக்கு ஆறு வாரம் வரை நாய்களை அவர் தடைசெய்யலாம். கிரௌஸ் பறவைகளை வேட்டைக்காக வளர்க்கும் மேட்டு நிலங்களில் ஐந்தாண்டு வரை தடைசெய்யலாம். பார்வையற்றோரின் வழிகாட்டி நாய்களை இத்தடைகள் கட்டுப்படுத்தா. இரண்டாவது அதிகாரம் பறவையின் நலனுக்காகவா, அதைச் சுட வரும் செல்வந்தரின் நலனுக்காகவா என்பதை வாசகரே முடிவு செய்துகொள்ளலாம்.

மார்ச் முதல் ஜூலை வரை என்ற கணக்குக்குக் காரணம் தரையில் இருக்கிறது. ஆட்காட்டியும் வானம்பாடியும் மரத்தில் கூடு கட்டுவதில்லை. புல்லின் இடையே, தரையிலேயே முட்டையிடுகின்றன. நாய் முட்டையைத் தின்ன வேண்டியதில்லை. மோப்பம் பிடித்துக்கொண்டு அருகே சுற்றினாலே தாய்ப்பறவை எழுந்து பறந்துவிடும். குளிர்ந்த மேட்டு நிலத்தில் அது சிறிது நேரம் திரும்பாவிட்டாலும் முட்டைக்குள் இருக்கும் குஞ்சு விறைத்துச் சாகும். அதற்குள் காகமோ நரியோ வந்துவிடவும் கூடும். நாயின் உரிமையாளர் எதையும் பார்த்திருக்க மாட்டார். அவரைப் பொறுத்தவரை நாய் மகிழ்ச்சியாக ஓடி விளையாடியது, அவ்வளவே.

செம்மறியாட்டின் கதையும் ஏறக்குறைய இதுவே. நாய் கடித்தால்தான் ஆடு சாகும் என்று நகரவாசி எண்ணுகிறார். ஆட்டோடு வாழ்ந்தவருக்கு உண்மை தெரியும். சினையாட்டைத் துரத்தினாலே குட்டி கலைந்துவிடலாம். மிரண்ட மந்தை வேலி மூலையில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மூச்சுமுட்டிச் சாவதும் உண்டு. ஆகவேதான் 1953ஆம் ஆண்டின் நாய்களிடமிருந்து கால்நடைகளைக் காக்கும் சட்டம், கடிப்பதை மட்டும் குற்றமாக்கி நின்றுவிடவில்லை. துரத்துவதும் குற்றம். ஆடுகள் நிற்கும் வயலில் கயிறும் கட்டுப்பாடும் இன்றி நாய் திரிவதுகூடக் குற்றமே. ‘என் நாய் எதையும் தொடவில்லை’ என்று அங்கே தப்பித்துக்கொள்ள முடியாது. ஸ்காட்லாந்து 2021இல் தன் சட்டத்தைத் திருத்தி, அபராத உச்சவரம்பை 40,000 பவுண்டாகவும் சிறைத்தண்டனையை 12 மாதம் வரையிலும் உயர்த்தியது.

கால்நடையைக் காக்க வேறு வழியில்லாத நிலையில் விவசாயி நாயைச் சுட்டுவிட்டால், இழப்பீட்டு வழக்கில் 1971ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் அவருக்குத் துணைநிற்கிறது. ஆனால், 48 மணி நேரத்துக்குள் அவர் காவல்துறைக்குத் தெரிவித்திருக்க வேண்டும். இந்தப் பிரிவு பலருக்கும் கொடுமையாகத் தோன்றும். நாயின்மீது குற்றம் இல்லை. கயிற்றைக் கையில் பிடிக்காதவர் மீதுதான் குற்றம். குண்டு பாய்வது என்னவோ நாயின் உடலில். நாமும் இதை விரும்பி எழுதவில்லை. ஆயினும், நாயோடு வெளியே செல்பவர் இதைத் தெரிந்தே செல்ல வேண்டும்.

மாடுகள் விஷயத்தில் அறிவுரை தலைகீழாக மாறுவதைக் கவனிக்க வேண்டும். கன்றோடு நிற்கும் பசு, நாயைத் தன் கன்றுக்கு வந்த ஆபத்தாகவே பார்க்கும். மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள் என்பதே அரசு வெளியிடும் நாட்டுப்புற நெறிகளின் அறிவுரை. நாய் மாட்டைவிட வேகமாக ஓடித் தப்பிவிடும். அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும் மனிதர்தான் மிதிபடுவார். பிரிட்டனின் முன்னாள் உள்துறை அமைச்சர் டேவிட் பிளங்கெட் பிறவியிலேயே பார்வையற்றவர். 2009இல் பீக் மாவட்டத்தில் தம் வழிகாட்டி நாயோடு நடந்தபோது பசு முட்டித் தள்ளியதில் அவருடைய விலா எலும்பு முறிந்தது. அமைச்சர் என்பதும் வழிகாட்டி நாய் என்பதும் பசுவுக்குத் தெரியாது. கன்றோடு நிற்கும் மந்தையைக் கண்டால் சுற்றிப் போவதே நல்லது. பொதுப்பாதை மந்தையின் நடுவே சென்றாலும், சற்று விலகி நடந்து மீண்டும் பாதையில் சேரலாம்.

குதிரையில் வருபவர், மிதிவண்டியில் வருபவர், குழந்தைகள் ஆகியோர் எதிர்ப்படும்போது நாயை அருகே அழைத்து நிறுத்த வேண்டும் என்பது பொதுவான நாகரிகம். இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ‘பயப்படாதீர்கள், ஒன்றும் செய்யாது’ என்பது நாய் வளர்ப்போர் உலகெங்கும் சொல்லும் வாக்கியம். நாயைக் கண்டு ஒதுங்குபவருக்கு அதற்கான காரணம் இருக்கலாம். ஊர்த்தெரு வழியே போனதற்காக நாய் ஏவிவிடப்பட்ட நினைவு நம்மில் பலருடைய குடும்பங்களில் இருக்கிறது. அச்சத்துக்கு விளக்கம் கேட்கும் உரிமை நாயின் உரிமையாளருக்கு இல்லை. அவர் கயிற்றைக் குறுக்கிக்கொள்ள வேண்டும்.

இனி மலத்துக்கு வருவோம். அருவருப்பு என்று ஒதுக்கப்படும் இந்த விஷயமே இக்கட்டுரையின் மையத்துக்கு மிக அருகில் நிற்கிறது. மேய்ச்சல் நிலத்தில் நாய் மலம் கழித்தால் எருவாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. நியோஸ்போரா என்னும் ஒட்டுண்ணியின் முட்டைகள் நாயின் மலத்தில் வெளிப்பட்டுப் புல்லோடு பசுவின் வயிற்றுக்குள் செல்கின்றன. பசுவுக்குக் கருச்சிதைவு ஏற்படுகிறது. நாயின் குடலில் வாழும் சிலவகை நாடாப்புழுக்கள் ஆட்டின் உடலில் நீர்க்கட்டிகளை உண்டாக்குகின்றன. அவற்றில் ஒருவகை மனிதருடைய ஈரலிலும் நுரையீரலிலும் கட்டியாக வளரும். விவசாயியின் சொந்த நாயும் இதே நோயைப் பரப்பவே செய்யும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். நகரத்திலிருந்து வருபவரை மட்டும் பழிப்பது நியாயமன்று.

எனவே விதி எளிது: நாயை அழைத்துவந்தவரே மலத்தைப் பையில் எடுத்துக் கட்டி, குப்பைத்தொட்டி கிடைக்கும்வரை கையோடு சுமந்து செல்ல வேண்டும். உள்ளாட்சிகள் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பொதுவெளிப் பாதுகாப்பு ஆணைகளைப் பிறப்பித்து, மீறுவோருக்கு 100 பவுண்டு வரை உடனடி அபராதம் விதிக்கின்றன. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் அது 1,000 பவுண்டு வரை உயரலாம். இருந்தும் அங்கே ஒரு விநோதம் நடக்கிறது. சிலர் மலத்தைப் பையில் எடுத்து, நேர்த்தியாக முடிச்சிட்டு, அருகிலுள்ள மரக்கிளையில் தொங்கவிட்டுப் போய்விடுகிறார்கள். நாட்டுப்புறப் பாதைகளில் இப்படித் தொங்கும் வண்ணப் பைகள் பிரிட்டனின் நீண்டநாள் புகார்களில் ஒன்று. விதியின் முதற்பாதியை நிறைவேற்றிவிட்டு, மறுபாதியை முகமறியாத எவரோ செய்வார் என்று விட்டுச்செல்லும் மனம் அது. அந்த ‘எவரோ’ யார் என்பது அங்கே முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்கவில்லை.

இந்தியாவில் அது தீர்மானிக்கப்பட்டே இருக்கிறது. சென்னையின் வசதிபடைத்த குடியிருப்புகளில் காலையில் உயர்வகை நாய்களோடு நடப்பவர்களைப் பாருங்கள். பையோடு வருவோர் சிலர் உண்டு. பலர் கைவீசி நடக்கிறார்கள். சில வீடுகளில் நாயை நடத்திச் செல்வதே வேலையாளின் பணி. நடைபாதையில் கிடப்பதை அடுத்த ஒரு மணி நேரத்தில் ஒருவர் வந்து அள்ளுவார்; அவர் எந்தச் சமூகத்திலிருந்து வருவார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் விலங்கின் கழிவைப் பற்றிப் பேசவில்லை. அள்ளுபவரின் கைக்கு இவ்விரண்டுக்கும் என்ன வேறுபாடு? தன் நாயின் மலத்தைத் தன் கையால் எடுப்பது என்ற சின்ன விதியை ஓர் இந்திய நகரம் முழுமையாகக் கடைப்பிடித்தால், அது தூய்மை இந்தியா விளம்பரங்களைவிடப் பெரிய காரியமாக இருக்கும். ‘தூய்மை’ என்பது பிறரின் உழைப்பு என்ற எண்ணம் குறைந்தது ஒரு முழத் தொலைவாவது பின்னுக்குப் போயிருக்கும்.

நாய் இறந்தால் என்ன நடக்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். செத்த விலங்கை அப்புறப்படுத்தச் சேரியிலிருந்து ஆளை அழைப்பது பல ஊர்களில் இன்றும் ‘வழக்கம்’ என்றே பேசப்படுகிறது. அது வழக்கமன்று, குற்றம். 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(i) பிரிவு, பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ மனித, விலங்குச் சடலங்களை அகற்றவோ சுமக்கவோ வைப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. செல்லமாக வளர்த்த நாயாக இருந்தாலும் இந்தப் பிரிவில் விலக்கு இல்லை.

மரப்படல் அருகே உள்ள பலகைக்குத் திரும்புவோம். ‘யாருடைய நாய்’ என்று கேட்காத அந்த விதி இங்கிலாந்தில் எப்போதும் இருந்ததா? இல்லை. அந்நாட்டின் நாய்ச் சட்டங்கள் பல நூற்றாண்டுகளுக்கு உரிமையாளரின் தகுதியையே முதலில் கேட்டன. அரச வனங்களின் எல்லைக்குள் வாழ்ந்தோரின் நாய்கள் மானைத் துரத்த முடியாதபடி அவற்றின் முன்னங்காலில் மூன்று நகங்களை வெட்டிவிடும் வழக்கம் இருந்தது. 1217ஆம் ஆண்டின் வன உரிமைச் சாசனம்கூட அதை ஒழிக்கவில்லை, வரையறை மட்டுமே செய்தது. 1390இல் இரண்டாம் ரிச்சர்டின் ஆட்சியில் வந்த சட்டம், ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் நிலம் இல்லாத சாமானியர் வேட்டைநாய் வைத்திருக்கக் கூடாது என்றது. அதற்குக் கூறப்பட்ட காரணம் கவனிக்கத்தக்கது. கைவினைஞர்களும் கூலிகளும் நல்ல கிறித்தவர்கள் தேவாலயத்தில் இருக்கும் நாட்களில் நாய்களோடு வேட்டைக்குப் போகிறார்களாம். போகும் இடத்தில் கூடிப் பேசிக் கலகத்துக்குத் திட்டமிடுகிறார்களாம். 1381இன் உழவர் எழுச்சி முடிந்து பத்தாண்டுகூட ஆகாத நேரம் அது. அச்சம் நாயின் பல்லைப் பற்றியதன்று.

1671இன் வேட்டைச் சட்டம் அதை இன்னும் இறுக்கியது. ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம் தரும் சொந்த நிலம் இல்லாதவர் வேட்டைநாய் வளர்க்க முடியாது. பண்ணையாரின் வேட்டைக்காவலர் வீட்டுக்குள் புகுந்து தேடி நாயைப் பறித்துச் செல்லலாம். இந்தச் சொத்துத் தகுதி 1831இல்தான் நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நிலமே கைமாறிவிட்டது. 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் இயற்றிய 5,200க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்கள், ஏழைகள் ஆடு மாடு மேய்த்த பொதுநிலங்களைத் தனியாருடையதாக்கின.

இழந்ததில் ஒரு சிறு பங்கை மீட்டவர்கள் தொழிலாளர்கள். 1932 ஏப்ரல் 24 அன்று, மான்செஸ்டர் பகுதியிலிருந்து சென்ற சில நூறு இளைஞர்கள் பீக் மாவட்டத்தின் கிண்டர் ஸ்கௌட் மேட்டு நிலத்தில் தடையை மீறி ஏறினார்கள். கிரௌஸ் வேட்டைக்காக ஆண்டின் பெரும்பகுதி பூட்டிவைக்கப்பட்டிருந்த நிலம் அது. முன்னின்ற பென்னி ராத்மேன் 20 வயது யூத இளைஞர். வேட்டைக்காவலர்களோடு கைகலப்பு ஏற்பட்டது. ஐவருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை. ராத்மேனுக்கு நான்கு மாதம். 1949இல் தேசியப் பூங்காக்கள் சட்டம் வந்தது. 1951இல் பீக் மாவட்டம் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. நாட்டுப்புற நெறிகளின் முதல் பதிப்பும் அதே ஆண்டில்தான் வெளியானது. பாதையை விட்டு விலகி நடக்கும் உரிமைக்கோ 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று அந்த நிலத்தை வைத்திருந்த டெவன்ஷயர் பிரபுவின் பேரன் 2002இல் தம் பாட்டனாரின் செயலுக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். உரிமை முதலில் வந்தது. நெறிகள் அதன்பின் வந்தன. நடக்கும் உரிமை உள்ளவரிடம்தான் ‘கயிற்றைப் பிடித்து நட’ என்று சொல்ல முடியும். நடக்கவே கூடாது என்று விலக்கப்பட்டவரிடம் பொறுப்பைப் பற்றிப் பேசுவது ஏளனம்.

இங்கிலாந்தை நாம் புகழ்ந்து எழுதவில்லை. 2000ஆம் ஆண்டுச் சட்டம் திறந்துவிட்ட நிலம் இங்கிலாந்தின் பரப்பில் சுமார் 8 சதவீதமே. நாட்டுப்புறம் வெள்ளையர்களுக்கே உரிய இடம் என்ற உணர்வு கறுப்பின, ஆசிய மக்களிடம் நிலவுவதை அரசு நியமித்த குழுவின் 2019ஆம் ஆண்டு அறிக்கையே ஒப்புக்கொண்டது. 1953 சட்டத்திலும் பழைய பிரபுத்துவத்தின் வால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆடுகள் உள்ள வயலில் கயிறின்றித் திரியும் நாய் குற்றத்துக்குரியது என்ற பிரிவிலிருந்து காவல் நாய்க்கும் வழிகாட்டி நாய்க்கும் பயிற்சிபெற்ற மேய்ச்சல் நாய்க்கும் விலக்கு உண்டு. அதே பட்டியலில், சத்தமில்லாமல், வேட்டைநாய்க் கூட்டத்துக்கும் விலக்கு தரப்பட்டிருக்கிறது. சீமான்களின் நாய்கள் கூட்டமாகப் போனால் தவறில்லை போலும்.

ஆயினும் திசை தெளிவானது. உரிமையாளரின் பிறப்பையும் நிலத்தையும் கேட்ட சட்டம், நாய் என்ன செய்தது, எந்த மாதத்தில், எந்த விலங்கின் அருகில் என்று கேட்கும் சட்டமாக மாறியது. நம் ஊர்களில் இந்த மாற்றம் இன்னும் முடியவில்லை. மனுநூலின் பத்தாம் அத்தியாயம் சண்டாளர்களின் இருப்பிடத்தை ஊருக்கு வெளியே வைத்து, நாயும் கழுதையுமே அவர்களின் செல்வம் என்று விதித்தது. நாயைக் கொடுத்ததும் இழிவுக்காகவே. பின்னர் அந்த நாயையும் கட்டுப்படுத்தியது சாதி. தமிழகத்தின் தென்மாவட்டக் கிராமங்கள் சிலவற்றில் தலித்துகள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்ற தடை இருந்ததைத் தீண்டாமை குறித்த கள ஆய்வுகள் பதிவுசெய்துள்ளன. சேரியின் ஆண் நாய் ஊர்த்தெருவின் பெண் நாயோடு கூடிவிடக் கூடாதாம். அகமணம் என்னும் சாதியின் அடிப்படை விதி நாய்க்கும் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த சாதி பற்றிய கட்டுரையில் அகமணத்தையே சாதியின் உயிர்நாடியாகக் காட்டினார்; அதற்கு இதைவிடக் கேவலமான சான்று தேவையில்லை.

2010இல் மத்தியப் பிரதேசத்தின் மொரேனா மாவட்டத்திலிருந்து வந்த செய்தியைப் பலர் மறந்திருக்கலாம். தலித் பெண் ஒருவர் மிஞ்சிய ரொட்டியை ஆதிக்கச் சாதிக் குடும்பத்தின் நாய்க்குப் போட்டார். நாய் தீண்டத்தகாததாகிவிட்டது என்று அதன் உரிமையாளர் அதை வீட்டைவிட்டு விரட்டினார். ஊர்ப் பஞ்சாயத்து அந்தப் பெண்ணுக்கு 15,000 ரூபாய் அபராதம் விதித்தது. 1390இன் இங்கிலாந்துச் சட்டமும் இந்தப் பஞ்சாயத்தும் ஒரே கேள்வியைத்தான் கேட்டன. நடுவில் 620 ஆண்டுகள் இருக்கின்றன.

இன்றைய தமிழகக் கிராமத்தில் இதன் பொருளாதார முகம் ஆட்டில் தெரிகிறது. 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் ஏழைக் குடும்பப் பெண்களுக்கு நான்கு ஆடுகள் வீதம் வழங்கப்பட்டன. நிலமற்ற தலித் பெண்ணுக்கு ஆடுதான் வங்கிக் கணக்கு. பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு இரண்டும் அதிலிருந்தே வரும். அந்த ஆடு மேய்வது ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் வரப்போரத்திலும்தான். காங்கேயம், வெள்ளக்கோயில் பகுதிகளில் அண்மை ஆண்டுகளில் நாய்கள் பட்டிகளுக்குள் புகுந்து செம்மறிகளைக் கொன்றபோது, விவசாயிகள் செத்த ஆடுகளைச் சாலையில் கிடத்திப் போராடினர், செய்திகளும் வந்தன. பட்டி வைத்திருப்பவரின் குரல் கோட்டை வரை போகிறது. நான்கு ஆடுகளில் ஒன்றைத் தோட்டத்து நாய்க்குப் பறிகொடுத்த பெண் யாரிடம் போவார்?

சட்டமும் அவர் பக்கம் சாய்ந்திருக்கவில்லை. 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டத்தின்படி, அவருடைய ஆடு ஒருவரின் வயலில் இறங்கி மேய்ந்தால் அதைப் பிடித்துக் கொண்டித்தொழுவில் அடைக்கலாம்; பணம் கட்டித்தான் மீட்க வேண்டும். ஆடு, குட்டி, பன்றி, கழுதை வரை பட்டியலிடும் அந்தச் சட்டத்தில் நாய் இல்லை. ஏழையின் விலங்கு பயிரைக் கடித்தால் அதற்கென ஒரு சட்டம் 150 ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. பணக்காரரின் விலங்கு ஆட்டைக் கடித்தால் அதற்கென ஒன்றும் இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு விலங்கை அலட்சியமாக வைத்திருப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கிறது. ஆனால் அது மனித உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ வாய்ப்புள்ள ஆபத்தைப் பற்றியது. ஆடு அதில் வராது. பிரிட்டனின் 1953 சட்டத்துக்கு இணையான ஒன்று இங்கே வேண்டும் என்று கேட்பது மிகையான கோரிக்கையன்று. துரத்துவதே குற்றம், உரிமையாளரே பொறுப்பு, குட்டி ஈனும் காலத்தில் புறம்போக்கில் கயிறு கட்டாயம் என்ற மூன்று விதிகளைக் கிராமசபைத் தீர்மானமாகவே தொடங்கலாம். வெறிநோய்த் தடுப்பூசியையும் அதோடு சேர்க்க வேண்டும். பிரிட்டன் அந்நோயை நூறாண்டுக்கு முன்பே ஒழித்துவிட்டதால் அதன் நெறிகளில் இது இல்லை, நமக்கு இதுவே முதல் விதி.

தீர்மானத்தை எழுதும்போது சொற்களைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். ‘காலனி நாய்கள்’ என்று ஒரு சொல் நுழைந்தாலும் அந்தத் தீர்மானத்தை ஏற்கக் கூடாது. நாயின் செயலும் இடமும் காலமும் மட்டுமே அதில் இருக்க வேண்டும். புறம்போக்கில் நாய்க்குக் கட்டுப்பாடு என்ற பெயரில் ஆடு மேய்ப்பவரையே தடுக்க முனைந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(za) பிரிவு இருக்கிறது. பொதுச் சொத்து வளங்களையும் பொதுப்பாதையையும் மற்றவருக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பது அதன்படி குற்றம்.

ஆட்டை இழந்தவர்கள் உடனே செய்ய வேண்டியவை சில உள்ளன. கால்நடை உதவி மருத்துவர் பார்த்துச் சான்று தரும்வரை செத்த ஆட்டைப் புதைக்கக் கூடாது. கடித்தடமும் இடமும் தெரியும்படி கைப்பேசியில் படம் எடுத்து வைக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடமும் காவல் நிலையத்திலும் எழுத்துப்பூர்வமாக மனு கொடுக்க வேண்டும்; நாயின் உரிமையாளர் மிரட்டியிருந்தாலோ சாதிப் பெயர் சொல்லித் திட்டியிருந்தாலோ பாதையை மறித்திருந்தாலோ, அது அதே மனுவில் தனிப் பத்தியாக இடம்பெற வேண்டும். இல்லையெனில் காவல் நிலையம் அதை ‘நாய்த் தகராறு’ என்று எழுதி முடித்துவிடும். மனு பெற்றுக்கொண்டதற்கான ரசீது இல்லாமல் அங்கிருந்து திரும்ப வேண்டாம்.